பதினோராவது வீடியோவில் இருப்பது என் குரல் அல்ல

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மகளும் நலம். பேத்தி விடுதியில் நலமாக இருப்பதாக அவளே சொல்கிறாள். தங்கள் இரத்த அழுத்தமும் அத்தையின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா என்று அறிய ஆவல். முப்பத்தொரு வருடம் தபால் இலாகாவில் இருந்த தங்களுக்கு மாப்பிள்ளை எழுதும் முதல் கடிதம் இது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுச் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, இனிமேல் வீடியோவில் தோன்றிப் பாடம் நடத்துவார் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் தாங்கள் சொல்லியிருப்பதாக அறிந்தேன். அது பொய், மாமா. பொய் என்னுடையது, தாங்கள் அதைக் கொண்டு சேர்த்தீர்கள், அவ்வளவுதான்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். எந்தக் கட்டடத்து லிஃப்டை எந்த நாளில் எந்த மெக்கானிக் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற மென்பொருள் முழுவதும் நான் ஒருவனே எழுதியது. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னதே கிடையாது.

"சார், உங்க தலைக்குள்ள இருக்கறது எல்லாத்தையும் வீடியோவா எடுத்துக் குடுத்துடுங்க. புது டீம் பாத்துக் கத்துக்குவாங்க. இருபத்துநாலு வீடியோ போதும்."

"அப்புறம் சார்?"

"அப்புறம் நீங்க ஃப்ரீ."

அவர் சிரித்த முகத்தோடு சொன்னதால் நானும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடம், "டிரெய்னிங் வீடியோ எடுக்கச் சொல்லியிருக்காங்க, வீட்டுலேர்ந்தே எடுக்கலாம்" என்றேன். அவள், "உங்களையா?" என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியாமல் "பதவி உயர்வு" என்று சேர்த்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

இந்தத் திரைப்பதிவு இருக்கிறதே, மாமா, அது வெளியே பார்க்கச் சுலபமாக இருக்கும். கணினித் திரையில் நாம் செய்வதை அது படமெடுக்கும், நாம் பேசிக்கொண்டே போக வேண்டியதுதான் என்பார்கள். முதல் வீடியோவை ஐம்பத்திரண்டு நிமிடம் நெஞ்சைக் கொடுத்துப் பேசி எடுத்தேன், போட்டுப் பார்த்தால் மைக் அணைந்திருக்கிறது, ஐம்பத்திரண்டு நிமிடமும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். மறுபடி எடுத்தேன், இந்தத் தடவை குரல் வந்தது, ஆனால் கணினியில் மாட்டியிருந்த இரண்டாவது திரையை அது பதிவு செய்திருக்கிறது, அந்தத் திரையில் ஒரு மலைப் படத்தைத் தவிர ஒன்றுமே இல்லை, மலையைக் காட்டி "இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தடவை குரலும் சரி, திரையும் சரி, மூலையில் என் முகம் ஒரு வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு நான் விளக்கும் பொத்தானை மட்டும் குறிபார்த்து மறைத்தது, வட்டத்தை இழுத்து அந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கத்துப் பொத்தானை மறைத்தது. என் பிழைப்பை நானே மறைத்துக்கொண்டு நிற்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் எழுத்து. பேசப் பேசக் கீழே தானாக எழுத்து வரும் வசதி ஒன்று இருக்கிறது. என் குரல் கம்பெனியில் கடைசியாகப் பதிவாகப் போகிறது, தமிழாவது சுத்தமாக இருக்கட்டும் என்று செந்தமிழில் பேசினேன். அது என் தரவுத்தளத்தையெல்லாம் தரைத்தளம் ஆக்கிவிட்டது. "எந்தக் காரணம் கொண்டும் தரைத்தளத்தை அழித்துவிடாதீர்கள், அழித்தால் மீட்க முடியாது" என்று லிஃப்ட் கம்பெனிக்காரன் சொன்னால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? "இந்த இடத்தில் அடிக்கடி பிழை வரும்" என்பது "இந்த இடத்தில் அடிக்கடி மழை வரும்" என்று வந்தது. திருத்தவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தெருச் சத்தம் விழுகிறது என்று மேலாளர் குறை சொன்னார். துணிகளுக்கு நடுவே பேசினால் குரல் சுத்தமாக வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு, படுக்கையறைச் சுவரலமாரிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் உங்கள் மகள் துண்டு எடுக்கக் கதவைத் திறந்தாள். இருட்டில் மடிக்கணினி வெளிச்சம் தாடையில் அடிக்க நான் உட்கார்ந்திருக்கிறேன். "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைச் சாத்துவது போல மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

இதில் சில விஷயங்களையும் கண்டுபிடித்தேன். பேச்சு இல்லாத இடங்களைத் தானே வெட்டி எறியும் வசதி ஒன்று உண்டு. நாற்பது நிமிட வீடியோவை அதில் போட்டேன், பதினொரு நிமிடம் மிஞ்சியது. மீதி இருபத்தொன்பது நிமிடம் நான் சும்மா பெருமூச்சு விட்டிருக்கிறேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் நான் சந்தோஷமான ஆள் போலப் பேசுகிறேன் என்பதும் தெரிந்தது. அதற்கப்புறம் என்னை வழக்கமான வேகத்தில் கேட்கப் பிடிக்கவில்லை. எடுத்ததை மறுபடி கேட்காமலேயே அனுப்ப ஆரம்பித்தேன். அங்கேதான் விழுந்தேன்.

இரைச்சல் நீக்கி என்று ஒரு கருவி. பேசுகிறவர் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் சத்தத்தையெல்லாம் துடைத்துவிடும். எதைத் துடைத்தது என்று பார்க்க விரும்பினால் துடைத்ததை மட்டும் தனியாகவும் கேட்கலாம், அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. பதினோராவது வீடியோவில் அந்தக் கட்டத்தை டிக் செய்தவன் எடுக்க மறந்துவிட்டேன். 'அவசர நிறுத்தம்' என்று தலைப்புக் கொடுத்து அப்படியே கம்பெனித் தளத்தில் ஏற்றியும் விட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் புது டீமிலிருந்து ஒரு பெண் கீழே எழுதியிருந்தாள்: "சார், இந்த வீடியோவில் உங்கள் குரல் இல்லை. ஒரு மேடம் பேசுகிறார். பாடத்துக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. மேடத்துக்கு எங்கள் ஆறுதலைச் சொல்லவும்."

பதறிப்போய்ப் போட்டுக் கேட்டேன். அலமாரியின் பின்பலகைக்கு அந்தப் பக்கம் சமையலறை, மாமா. நான் உள்ளே உட்கார்ந்து பாடம் நடத்திய நேரத்தில் உங்கள் மகள் அந்தப் பக்கம் நின்று தங்களோடு போனில் பேசியிருக்கிறாள். கருவி என்னை முழுசாகத் துடைத்துவிட்டு அவளை வைத்துக்கொண்டது. திரையில் ஒரு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நிற்கிற படம். அதன் மேல் அவள் குரல்.

"வேலை போயிருச்சுப்பா... ஆமாம், இந்த மாசத்தோட சரி... இல்லப்பா, இன்னும் அவர்கிட்ட வாயே திறக்கல. பேசினா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. பாவம், அந்த வீடியோவக் கட்டிக்கிட்டு மாரடிச்சிட்டு இருக்காரு... நீங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துடுங்கப்பா."

மூன்று தடவை கேட்டேன். நான் அவளிடமிருந்து மறைத்ததை அவள் எப்படியோ தெரிந்துகொண்டு, தெரிந்ததை என்னிடமிருந்து மறைத்திருக்கிறாள். வீடியோவை நீக்கப் பார்த்தேன். "நீக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை" என்று வந்தது. மேலாளரிடம் கெஞ்சினேன். "ஏன் சார்? அது ஒண்ணுதான் எல்லாரும் கடைசி வரைக்கும் பாத்திருக்காங்க" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாகக் கண் பரிசோதிக்கிறவள், காய்ச்சலோடுகூட வேலைக்குப் போகிறவள், இரண்டு வாரமாக மிச்ச லீவு என்று சொல்லி வீட்டிலேயே இருப்பது எதற்கு? என்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளத்தானே? குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் பாத்திரம் கழுவுகிறாள், திரும்பினால் கண் சிவந்திருக்கிறது, கேட்டால் வெங்காயம் என்கிறாள். பாத்திரம் கழுவ வெங்காயம் எதற்கு? நேற்றுச் சாப்பிடும்போது யாரும் கேட்காமலேயே, "வேலை என்னங்க வேலை, ஆளு நல்லா இருந்தா போதாதா?" என்றாள். போன வாரம் தாங்களும் போனில், "மாப்பிள்ளை, நீங்கதான் தைரியமா இருக்கணும்" என்றீர்கள். நான் ஏதோ என் சளியைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, "இப்போ பரவாயில்ல மாமா" என்றேன்.

மாமா, எனக்கு வேலை போன துக்கத்தைவிட இது பெரிதாக இருக்கிறது. எனக்காக ஒருத்தி தினமும் குழாயடியில் நின்று அழுதுவிட்டுச் சிரித்த முகத்தோடு தட்டு வைக்கிறாள். அவள் அப்படி நடிக்கும்போது நான் போய் உண்மையைச் சொன்னால் அவள் பட்ட பாடு வீணாகிவிடாதா? அதனால் நானும் தொடர்ந்து நடிக்கிறேன். இருபத்து நான்காவது வீடியோ நான்கு நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பழைய வீடியோ ஒன்றைச் சத்தமாக ஓட்டிவிடுகிறேன். அவளுக்கு நான் வேலை செய்வது போலக் கேட்கும். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான், என் குரலை ஓடவிட்டு, முழங்கால் மேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். தாங்கள் இதுவரை தெரியாதது போல இருந்ததற்கு நன்றி. இனிமேல் நான் சொன்னதும் தெரியாதது போல இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சிரமம்தான். ஆனால் அவளுக்கு என்னால் இப்போது கொடுக்க முடிந்தது இந்த ஒரு நிம்மதிதான்.

அத்தைக்கு என் வணக்கம். வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடவும். பெரியவர்கள் தங்கள் இருவர் ஆசியும் எங்களைக் கைவிடாது என்ற நம்பிக்கையோடு முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வணக்கத்தைத் தவிர எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். நேற்றுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கணினியில் சார்ஜ் தீர்ந்து என் குரல் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றுவிட்டது. நெஞ்சு வலியோ என்னவோ என்று உங்கள் மகள் ஓடிவந்து கதவைத் திறந்தாள். நான் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, உங்க வேலை போயிருச்சா?"

"உனக்குத்தான் தெரியுமே."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்பாகிட்ட சொன்னது என் வேலையப் பத்தி. கடையில ஒரு மெஷின் வந்திருக்கு. மூஞ்சிய வெச்சா அதுவே பவர் சொல்லிடுது. உங்களுக்கு இப்பத்தான் பதவி உயர்வு வந்திருக்கு, சந்தோஷமா இருக்கீங்க, அதக் கெடுக்க வேணாம்னு சொல்லாம இருந்தேன்."

அலமாரிக்குள்ளிருந்து எழுந்து வெளியே வர எனக்குத் தோன்றவில்லை. அவளே கேட்டாள்.

"அந்த வீடியோவ எத்தன பேர் பாத்தாங்க?"

"முப்பத்தெட்டு பேர்."

"முப்பத்தெட்டு பேருக்கும் புரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் புரியல."

ஆகவே, மாமா, தாங்கள் இனி எதையும் மறைக்க வேண்டியதில்லை. பேத்தியிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம். உங்கள் மகள் முகவரி எழுதித் தந்தாள், கடிதத்தை நான் ஒட்டாமல் வைத்திருந்தேன். அதனால் இதையும் சேர்க்க முடிந்தது. நேற்றுப் படுக்கும்போது, "நாளைக்கு யாரும் எங்கயும் போக வேண்டியதில்ல, எட்டு மணி வரைக்கும் தூங்கலாங்க" என்றாள். ஐந்தரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அவள் மூச்சை வைத்து அவளும் விழித்திருப்பது தெரிந்தது. நான் விழித்திருப்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். எட்டு மணி வரை இரண்டு பேரும் அசையவில்லை.