பதினேழாம் வரி

"எழுத்தின்ர அகலத்தை ஏழால பெருக்கி ஆறால வகுக்கச் சொல்லுது உங்கட பதினேழாம் வரி. ஏன் ஏழு? ஏன் ஆறு? விளங்கப்படுத்துவீங்களோ ஐயா?"

கேள்வி வவுனியாவிலிருந்து சுரேகா என்ற இளம் ஆசிரியை அனுப்பியது. பரந்தன் சந்தியில் நோட்டீஸ் கடை வைத்திருக்கும் பரமலிங்கம் அதைக் கணினித் திரையில் மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் அவருக்குப் பதில் தெரியவில்லை.

வினையை அவரே விலைக்கு வாங்கியிருந்தார். திருவிழா நோட்டீஸ், கலியாணக் கார்ட், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் அவர் ஓர் இலவச வடிவமைப்பு மென்பொருளில்தான் செய்வார். அந்த மென்பொருளின் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பரிசோதகர்கள் சம்மதித்தால் சேர்த்துக்கொள்வார்கள். பத்து வருடத்துக்கு முன் பரமலிங்கத்தின் நாற்பது வரிகள் அப்படிச் சேர்ந்தன. எழுத்துகளை வளைவாக நிறுத்தும்போது ஒன்றன் மேல் ஒன்று ஏறி மிதிக்காமல் விலக்கி வைக்கும் வரிகள் அவை. அதன் பிறகு அவரும் ஒரு பரிசோதகர். மென்பொருளின் நன்றிப் பக்கத்தில் 'பரமலிங்கம், பரந்தன்' என்று இருக்கிறது. கடைக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார். செத்த வீட்டுக்காரருக்கும் காட்டியிருக்கிறார்.

"அனுப்பின அடுத்த நாளே எனக்கு டெங்கு. பத்து நாள் ஆசுப்பத்திரியில கிடந்தனான். திரும்பி வந்து பாக்கிறன், சேத்துப்போட்டாங்கள்" என்று கதையை முடிப்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் கடையின் மறுபாதியில் தையல் மெசினை மிதிக்கும் அவர் மனைவி பத்மாசனி கொஞ்சம் பலமாக மிதிப்பார். மகளிர் சங்கத்தில் ஆறு மாதம் கணினி படித்தவர் பத்மாசனி. கடையில் எழுத்துக் கோப்பதற்கு அது உதவியாக இருக்கிறது என்று பரமலிங்கம் பெருந்தன்மையாகச் சொல்லுவார்.

இந்த வருடம் சுரேகா ஒரு நிரல் அனுப்பினார். மரண அறிவித்தலில் உறவுக்காரரின் பெயர்களை முறை பிசகாமல் அடுக்கித் தரும் நிரல். லேசான வேலையில்லை. லண்டன் மருமகனின் பெயர் கனடா மருமகனுக்குக் கீழே போனால் எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் முகம் பார்க்கமாட்டார்கள். நிரல் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சுரேகா கீழே நேர்மையாக ஒரு குறிப்பு வைத்திருந்தார்: 'ஏஐயைக் கொண்டு எழுதியது.'

பரமலிங்கம் கொதித்துப்போனார். இந்த ஏஐ ஆயிரமாயிரம் பேர் எழுதிய நிரலைப் படித்துவிட்டுத்தானே எழுதுகிறது, அதில் ஒருவருடைய பெயரையாவது சொல்கிறதா என்று கேட்டார். "ஆரின்ரையோ உழைப்பை எடுத்துப்போட்டுப் பேர் சொல்லாமல் விடுறதுக்குத் தமிழில களவு எண்டுதான் பேர்" என்று எழுதினார். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து இரண்டு பக்கமாகப் பிரிந்து எட்டு நாள் சண்டை பிடித்தார்கள். கடைசியில் அவர் கேட்ட சட்டமே நிறைவேறியது. 'ஒவ்வொரு வரியையும் என் கையால் எழுதினேன். எந்த வரியைக் கேட்டாலும் விளக்குவேன்' என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டும், பழைய நிரல்களுக்கும் சேர்த்து. விளக்க முடியாவிட்டால் நிரலும் போகும், நன்றிப் பக்கத்துப் பெயரும் போகும். முதல் கையெழுத்தைப் பரமலிங்கமே போட்டார்.

சுரேகா கோபிக்கவில்லை. தன்னுடைய நிரலை வரிக்கு வரி விளக்கினார், அதனால் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும். பிறகு, ஐயாவுடைய நாற்பது வரியையும் படித்துப் பார்த்தேன் என்று தொடங்கிப் பதினேழாம் வரியைப் பற்றிக் கேட்டார். புதுச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அனுபவத்தில் வந்த கணக்கு என்று பரமலிங்கம் முதலில் எழுதிப் பார்த்தார். எந்த அனுபவம் என்று சுரேகா பணிவாகக் கேட்டார். தமிழரின் பழைய அளவுமுறை என்று அடுத்த நாள் எழுதினார். அது இன்னும் மோசமாகப் போனது. ஜெர்மனியில் ஒரு பரிசோதகர் புல்லரித்துப்போய் அந்த அளவுமுறையின் பெயரைக் கேட்டார். பரமலிங்கம் யன்னலால் வெளியே பார்த்தார். சந்தியில் திருவிழாவுக்குக் கட்டிய அலங்கார வளைவு நின்றது. 'வன்னி வளைவு' என்று எழுதிவிட்டார்.

மறுநாள் ஜெர்மன்காரர் அதைக் கையேட்டில் ஒரு தனிப் பாடமாகச் சேர்க்கப்போவதாக அறிவித்து, அளவுகளோடு ஒரு படம் கேட்டார்.

அளக்காமல் தீராது. வளைவு கட்டிய நடராசாவிடமே ஏணி வாங்கிக்கொண்டு, பத்மாசனியின் அளவு நாடாவோடு பரமலிங்கம் மேலே ஏறினார். இரண்டு பேருந்துகள் வேகம் குறைத்துப் பார்த்துப் போயின. எங்கே பிடித்து அளந்தும் ஏழும் வரவில்லை, ஆறும் வரவில்லை.

நடராசா கீழே ஏணியைப் பிடித்தபடி முழுக் கதையையும் கேட்டார். அவர் வயல்காரரும்தான். "ஊர் முழுக்க இப்ப மெசின்தானே அறுக்குது. மெசின் அறுத்த நெல்லெண்டு ஆரும் சோத்தைத் தள்ளி வைச்சவையே?" என்றார்.

"மெசின் அறுக்கட்டும் அண்ணை. விதைச்சது ஆரெண்டு சொல்லோணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்."

நடராசா ஏணியை இறுக்கிப் பிடித்தார். "அது நியாயம்தான்" என்றார். பரமலிங்கத்துக்கு அந்த நியாயம் ஏணியிலிருந்து இறங்கும் வரைக்கும் தெம்பாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் அவர் தோல்விக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நன்றிப் பக்கத்தைத் திறந்து தன் பெயரைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். கண் கலங்கிவிட்டது. முள்வேலி முகாமிலிருந்து ஒரு பையோடு வந்து, தகரக் கொட்டிலில் தொடங்கிய கடை. தன் பெயர் வெளியே எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது என்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை.

"இஞ்சருங்கோ, அப்பிடி என்ன வரி அது?" என்று பத்மாசனி கேட்டார். ஒரு குழந்தைச் சட்டைக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

உமக்கு விளங்காது என்பதுதான் பரமலிங்கத்தின் வழக்கமான பதில். இன்றைக்கு அதைச் சொல்லவும் தெம்பில்லை. ஏழு, ஆறு, பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அது கழுத்துக்கு லேஸ் வைக்கிற கணக்கெல்லோ" என்றார் பத்மாசனி. "வளைவுக்கு அளவா வைச்சால் நெரிஞ்சு ஒண்டில ஒண்டு ஏறும். ஆறு இஞ்சுக்கு ஏழு இஞ்சு விடோணும்."

பரமலிங்கம் எழும்பிப் போய் நாடாவால் சட்டைக் கழுத்தை அளந்தார். பன்னிரண்டு. பக்கத்தில் வெட்டி வைத்திருந்த லேஸை அளந்தார். பதினான்கு.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்மாசனியின் தையலைத் தினம் தினம் பார்த்ததில் தனக்கே தெரியாமல் அந்தக் கணக்கு மூளையில் ஏறியிருக்கிறது என்று விளக்கினார். மேதைகளுக்கு அப்படி நடப்பதுண்டு என்றும் சொன்னார். 'வன்னி வளைவு என்பது, மனைவியின் தையலைக் கவனித்து நான் கண்டுபிடித்த கணக்கு' என்று எழுதி, சட்டையின் படத்தோடு அனுப்பினார்.

ஜெர்மன்காரர் கைதட்டும் படம் ஒன்று அனுப்பினார். சுரேகாவிடமிருந்து பதில் வந்தது. "இப்ப விளங்கீட்டுது ஐயா. சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் சொன்னதுதான் சரி, செய்த ஆளின்ர பேரைச் சொல்லத்தான் வேணும்."

பெயர் தப்பியது. பரமலிங்கம் கதிரையில் சாய்ந்துகொண்டு, உம்மையும் ஒரு சொல்லில் குறிப்பிட்டிருக்கிறேன் என்று மனைவிக்கு அறிவித்தார்.

பத்மாசனி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை உதறி மடித்து வைத்தார்.

"நீங்கள் அனுப்பினது பிழை எண்டு அவங்கள் திருப்பி அனுப்பினது, நீங்கள் டெங்குவோட ஆசுப்பத்திரியில கிடக்கேக்க. திருவிழா நோட்டீஸுக்கு ஆக்கள் வாசல்ல வந்து நிண்டவை, எழுத்தெல்லாம் ஒண்டில ஒண்டு ஏறிக் கிடந்தது. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, கையால எழுதினதெண்டு நீங்கள் வைச்ச கையெழுத்தில பொய்யில்லை. என்ர கை."