நாற்பத்தேழாம் எண் சட்டை

பெருமதிப்பிற்குரிய மூத்த மச்சான் மெர்வின் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய லைல், என் டயர் கடையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் நடீனும், என் இடது முட்டி நீங்கலாக, நலம். அங்கே பாய்சியில் நீங்களும் வெர்னா அக்காவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் காது கேளாத நாயும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் புதிய பல் செட் நன்றாகப் பொருந்திவிட்டதாக நடீன் சொன்னாள். மகிழ்ச்சி.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீங்கள் வர வேண்டாம்.

இதை இன்னும் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தேன். பக்குவம் வரவில்லை. திருமதி லாங்க்விஸ்ட்டின் வண்டிக்கு மாட்ட வேண்டிய பனிக்கால டயர் நான்கையும் பாதிரியார் வண்டிக்கு மாட்டி அனுப்பியதுதான் மிச்சம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள், "அப்புறம்? அப்புறம் பையன் என்ன பண்ணான்?" என்று கேட்பீர்கள். கேட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. மூன்று வருடமாக அதுதானே நடந்தது?

நீங்கள் குடும்பத்தோடு பதினொரு பேர், இரண்டு வண்டியில், ஆட்டத்தில் ஆட்டி ஒலிக்கிற மாட்டு மணியும், ‘47’ என்று ஆளுயரத்துக்கு எழுதிய துணிப் பதாகையும் எடுத்துக்கொண்டு வருவதாகத் தகவல். இந்த சீசனில் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் அது. நான்காம் வருடப் பையன்கள் ஒவ்வொருவரும் அப்பா அம்மாவோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்து வர, ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் மழையில் வண்டி ஓட்ட வேண்டும், மலைப்பாதையில் பனி, உங்களுக்கோ புதுப் பல். சரி, விடுங்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஹார்லன் ஆடவில்லை மச்சான். இந்த வாரம் மட்டும் இல்லை. எந்த வாரமும் ஆடவில்லை.

நீங்கள் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேலே படிக்கவும். பையன் வெல்டன் ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற இந்தக் கால்பந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பவுலிங். அதில் யாரும் நம் மேல் விழ மாட்டார்கள். முதல் வருடம் ஹார்லன், "அப்பா, எனக்கு நாற்பத்தேழாம் நம்பர் சட்டை குடுத்திருக்காங்க" என்றான். அந்த வருடம் நாற்பத்தேழு ஒரு தடவைகூட மைதானத்தில் இறங்கவில்லை. புதுப் பையன், பொறுமையாக இருப்போம் என்று நானும் பொறுமையாக ஹாட் டாக் தின்றேன். இரண்டாம் வருடம் முதல் ஆட்டத்திலேயே நாற்பத்தேழு இறங்கி, எதிரணிக்காரன் ஒருவனைத் தூக்கித் தண்ணீர்ப் பீப்பாய்மேல் போட்டான். பெஞ்சின்மேல் ஏறி நின்று, "போடு நாற்பத்தேழு! படுக்கப் போடு!" என்று கத்தினேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. வெளியூர் ஆட்டத்துக்கும் போனேன். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். காய்ச்சலோடு போனேன்.

பையன் மைதானத்தில் நல்ல அகலமாகத் தெரிவான், வெளியே வந்தால் ஒல்லியாக இருப்பான். தோள்கவசம் என்று நினைத்தேன். ஒரு சாண் குட்டையாகவும் ஆகிவிடுவான். அதுவும் கவசம்தான் என்று நினைத்தேன். மழையிலும் சேற்றிலும் எல்லாரும் எருமை மாதிரி வர, என் பையன் மட்டும் சலவைக்குப் போய் வந்தவன் மாதிரி வருவான். "சேறு ஒட்டாம ஆடுறதுக்குத் தனித் திறமை வேணும்" என்று மற்ற அப்பாக்களிடம் நானே விளக்கியிருக்கிறேன். அவர்கள் பாவம், பீரைக் குடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். வாசலில் ஆட்டக்காரர் பெயர் போட்ட தாள் கொடுப்பார்கள். அதை நான் நான்காக மடித்து ஈரப் பெஞ்சில் போட்டு உட்காருவேன். தூரத்துக்குக் கண்ணாடி போடச் சொல்லி நடீன் ஐந்து வருடமாகச் சொல்கிறாள். கிட்டத்தில் இருக்கும் டயர் தெரிகிறதே, போதும் என்றேன்.

போன சனிக்கிழமை வேஷம் கலைந்தது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது நாற்பத்தேழு விழுந்தான், எழுந்திருக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. வேலியைத் தாண்டினேனாம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு! நம் அணியின் சின்னமான நீர்நாய் வேஷம் போட்டுக்கொண்டு ஆடும் பெண்ணைத் தள்ளிவிட்டு ஓடினேனாம். அந்தப் பெண்ணிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தலைக்குள்ளிருந்து அவள் என்ன பதில் சொன்னாள் என்று புரியவில்லை. சேற்றில் மண்டியிட்டு, "ஹார்லன்! கண்ணைத் தொறடா! அப்பா வந்துட்டேண்டா!" என்று அலறினேன். மருத்துவ உதவிக்காரி தலைக்கவசத்தைக் கழற்றினாள். உள்ளே வேறு எவனோ இருந்தான்.

நல்ல கறுத்த முடி, அகல முகம், ஹவாய்ப் பக்கத்துப் பையன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கண்ணு தொறந்துதான் அங்கிள் இருக்கு. கணுக்கால்தான் போச்சு. நீங்க யாரு?"

"நான் உங்கப்ப..." என்பது வரைக்கும் வாய் போய்விட்டது மச்சான். மிச்சத்தை விழுங்கினேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அப்பா, நான் இங்க இருக்கேன்."

திரும்பினால் ஹார்லன். நாற்பத்தேழாம் எண் சட்டை. சுத்தமாக, மடிப்புக் கலையாமல்.

நடுவர் வந்தார். "பெரியவரே, வெளிய போறீங்களா, இல்ல நான் போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார். நான் உள்ளே ஓடி வந்ததற்காக நம் அணியைப் பதினைந்து கஜம் பின்னால் தள்ளித் தண்டனை. இந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரலாற்றில் நம் குடும்பம் நேரடியாகப் பங்கெடுத்தது இதுவரைக்கும் அந்தப் பதினைந்து கஜம்தான்.

விஷயம் இதுதான். விளையாட்டுக்கு உதவித்தொகை கொடுக்காத சின்னப் பல்கலைக்கழகம். ஆட ஆசைப்பட்டுக் கட்டணம் கட்டிச் சேர வருகிற பையன் யாரையும் அவர்கள் வேண்டாம் என்பதில்லை. அணியில் நூற்று முப்பது பேர். சட்டை எண்ணோ தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மைதானத்தில் இல்லாவிட்டால் சரி. நம் ஹார்லனைப் பொறுத்தவரை அந்தக் கவலையே அவர்களுக்கு வரவில்லை.

ஆட்டம் முடிந்து, வாகன நிறுத்தத்தில் நம் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். நடீன் சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தாள். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"மூணு தடவை சொன்னேன்ப்பா. ‘அது நான் இல்லப்பா’ன்னு வாய் விட்டுச் சொன்னேன். மூணு தடவையும் நீ என் முதுகுல தட்டி, ‘இந்த அடக்கம் உங்கம்மா பக்கத்துச் சொத்து’ன்னுட்ட."

உங்கள் குடும்பத்தில் யாருக்கும் அடக்கம் கிடையாது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப நாலு வருஷமா நீ அங்க என்னதான் பண்றே?"

"வாராவாரம் யார்கூட ஆட்டமோ, பயிற்சியில நான் அவங்க ஆளு. அவங்களை மாதிரியே ஓடுவேன், அவங்களை மாதிரியே வந்து இடிப்பேன். எங்க ஆளுங்க என்னைத் தள்ளிப் பழகிக்குவாங்க."

"செவ்வாய், புதன், வியாழன்?"

"மழை பெஞ்சாலும்."

அந்த நேரம் பார்த்து ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அந்தப் பையன் வந்தான். பெயர் கைமானா. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அந்தக் குரல்? ‘படுக்கப் போடு நாற்பத்தேழு’? எங்க வீட்லேர்ந்து கடல் தாண்டி யாரும் வர முடியாது அங்கிள். இந்த ஊர்ல எனக்குன்னு கத்த ஒரு ஆளு இருக்கான்னு மூணு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். மூணு வருஷமா அந்த ஆளத் தேடிக்கிட்டும் இருந்தேன்."

நடீன் அவனுக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள். அவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். பிறகு ஹார்லனைக் காட்டி, "சனிக்கிழமை எதிர்ல வர்றவன் எவனும் இவனளவு வேகமா வர்றதில்ல. அதான் நான் தப்பிக்கிறேன்" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "அடுத்த சனிக்கிழமை பேர் வாசிக்கிறப்ப, நீங்களும் ஆன்ட்டியும் என்கூடவும் கொஞ்சம் நடந்து வருவீங்களா?" என்று கேட்டான்.

நான் ஹார்லனைப் பார்த்தேன்.

"நடப்பாரு. இத்தனை நாள் உனக்குத்தானே கத்துனாரு, நடக்க மாட்டாரா?" என்றான் ஹார்லன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அது என் காதிலேயே நின்றது.

கிளம்பும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஹார்லன் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "கடைசி ஆட்டத்துல நாலாம் வருஷப் பசங்களை ஒரு தடவையாவது இறக்குவாருப்பா கோச். ஆட்டம் நெருக்கமா இருந்தா மாட்டாரு. எனக்கு ஒரே ஒரு தடவை இறங்கணும். நீ சரியான ஆளப் பார்த்துக் கத்தணும்."

இப்போது புரிகிறதா மச்சான், ஏன் வர வேண்டாம் என்கிறேன் என்று? பையன் இறங்குவானா மாட்டானா என்று யாருக்கும் தெரியாது. இறங்காமல் போனால், பதினொரு பேர் மணியும் பதாகையுமாக உட்கார்ந்திருக்க, அவன் சுத்தமான சட்டையோடு ஓரத்தில் நிற்க வேண்டும். நான் அளந்த கதையை நம்பி எட்டு மணி நேரம் வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். என் முகம் எக்கேடு கெட்டால் என்ன, அதற்குப் பழகிவிட்டது. அவன் முகத்தை அப்படி யாரும் பார்க்கக் கூடாது. நேற்று ஊருக்குப் போய்த் தூரக் கண்ணாடிகூட வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் நின்றால் எதிர்ச்சாரி மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது. இவ்வளவு இலை இருக்கிறதென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆகையால் பெரிய மனது பண்ணி, வண்டி பழுது என்றோ நாய்க்கு உடம்பு சரியில்லை என்றோ சொல்லி நின்றுவிடவும். ஹார்லன் வருத்தப்பட மாட்டான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடவும். வெர்னா அக்காவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள், நாய்க்கு ஒரு தட்டு.

இப்படிக்கு,
தலைகுனிந்த, ஆனால் கண் நன்றாகத் தெரிகிற,
உங்கள் மைத்துனன்
லைல் புரூயட்

பி.கு: உறையில் போடுமுன் நடீன் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் பயந்து வெளியே போய்விட்டார்கள். ஹார்லன் இரண்டாம் வருடமே வான்கோழி விருந்தன்றைக்கு உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாமே? தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் போனில் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களா? நீங்கள் மனிதனா மச்சான்? நான் அந்தத் தண்ணீர்ப் பீப்பாய்க் கதையை உங்களுக்கு நான்கு தடவை சொல்லியிருக்கிறேன்!

ஆனால் இன்னொன்றையும் நடீன் சொன்னாள். அவன் ஆடுவதில்லை என்று தெரிந்துதான், இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அவனுக்கு மணி அடிக்க வேண்டும் என்று பதினொரு பேரையும் கிளப்பினீர்களாம். அதைக் கேட்டு, உறையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன்.

வாருங்கள். மேலே எழுதியதெல்லாம் ரத்து. மலைப்பாதையில் பனி இருக்கிறது, முதலில் கடைக்கு வாருங்கள், டயர் பார்த்து அனுப்புகிறேன். உங்கள் வண்டிக்கு உங்கள் டயரையே மாட்டுவேன். மணியை மறக்க வேண்டாம். பதாகையில் எண்ணை மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். எண் சரியாகத்தான் இருக்கிறது.