கொள்ளிடக்கரையில் மலையேற்றம்

மாவட்டத்துக்கு ஒரு மலையேற்றப் பாதை இருந்தே ஆக வேண்டும் என்று அரசு ஆணை வந்தது. எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. மலை இல்லாத மாவட்டம் என்ன செய்வது என்று ஆணையில் எழுதவில்லை. எழுதாததால் மலை இல்லாதது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. சுவாமிமலையில் ஒரு மலை இருக்கிறதே என்று யாரோ சொன்னார்களாம். அது ஆட்கள் கட்டிய மலை, படிக்கட்டு இருக்கிறது, அதில் ஏறுவதற்குப் பக்தி போதும், வீரம் தேவையில்லை என்று கோப்பில் எழுதித் தள்ளிவிட்டார்கள். கடைசியில் தேடித் தேடி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் தெரு கீழநத்தக்கரை ஊரைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரம் இருக்கிறது. ஊர் வரைக்கும் தார் ரோடு. அதற்கப்புறம் கிடையாது. ரோடு போக வேண்டிய நிலம் பெரிய பண்ணையுடையது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில் பண்ணை அதை என் மாமனார் காத்தான் பேரில் எழுதி வைத்துக்கொண்டது. மாமனாருக்கு அது தெரியாது. அதே நிலத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்து, நிலச்சுவான்தாராகவே செத்துப்போனார். பிறகு அந்த நிலம் யாருக்கு என்று வழக்கு வந்தது. ரோடு வேண்டும் என்று போனால், "நிலம் காத்தான் பேர்ல இருக்கு, அவர் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும்" என்பார்கள். அவர் செத்துட்டாருங்க என்றால், "அப்ப வழக்கு முடியட்டும்" என்பார்கள். ஆட்சி மாறி மாறி வந்தது. இந்தப் பதில் மட்டும் மாறவில்லை.

எனக்கோ இந்த வருஷம் ரோடு அவசரமாக வேண்டியிருந்தது. மகள் செவ்வந்தியைக் கும்பகோணத்தில் கொடுத்திருக்கிறேன். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்துவிட்டது, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தியம்மா தங்கம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"உங்க வீட்டு வாசல் வரைக்கும் ஆட்டோ வந்தா அனுப்புறேன். வயித்துப் பிள்ளைக்காரிய வழியில கிடக்குற அந்தப் பள்ளத்துல உருட்டி விட முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்காதவள் என்ற பேரோடு நான் எப்படிக் குழாயடிக்குப் போவது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் சுற்றுலா அதிகாரி வைத்தியலிங்கம் ஜீப்பை ஊரிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வழியில் பள்ளத்தைப் பார்த்தார். ஆற்றில் மணல் அள்ளிய லாரிகள் விட்டுப்போன பள்ளம். ஒரு பனைமரத்தை நட்டு வைத்தால் உச்சி வெளியே தெரியாது. எட்டிப் பார்த்தவர் முகம், பிள்ளை பிறந்த சேதி கேட்டவர் முகம் போல ஆகிவிட்டது.

"இது எப்படிம்மா உண்டாச்சு?"

"லாரி அள்ளுனது சார்."

"எவ்வளவு காலமா?"

"அது ஆச்சு ரொம்பக் காலம்."

'நெடுங்காலமாக உருவாகி வந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு' என்று எழுதிக்கொண்டார்.

"மலை இல்லீங்களே சார்" என்றார் என் வீட்டுக்காரர் ஐயாவு.

"பள்ளத்துல இறங்குறோம். திரும்ப மேல வரணும்ல? அது ஏற்றம் இல்லாம வேற என்ன?"

பள்ளத்தை அடுத்துச் சீமைக்கருவைக் காடு. அதற்குள் என்ன விலங்கு இருக்கிறது என்று கேட்டார்.

"எங்க ஆடு மேயுங்க."

'தாவர உண்ணிகளின் வாழிடம்.'

"மனுஷ நடமாட்டம் உண்டா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐயாவுதான் சொன்னார். "விடியக்காலம் ஒதுங்குறது இங்கதான் சார்."

'உள்ளூர் மக்கள் அதிகாலையில் இயற்கையோடு ஒன்றும் இடம்.'

அப்படியாகக் கருவைக் காடு காப்புக்காடு ஆனது. தார் ரோடு முடியும் இடத்தில் ஒரு பெரிய போர்டு வைத்தார்கள். 'கடினமான பாதை. முதியோர், இதய நோயாளிகள், கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை.'

நான் அவரைத் தேடிப் போனேன்.

"சார், அது எங்க வீட்டுக்குப் போற வழி. கர்ப்பிணி வரக்கூடாதுன்னா என் பொண்ணு எப்படி வருவா?"

"எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தாம்மா."

"முருகையன் மாமாவுக்கு நெஞ்சு வலி. அவரு உள்ளதான குடியிருக்காரு."

கொஞ்சம் யோசித்தார். "அவர் வெளிய வராமப் பாத்துக்குங்க."

"வழியில வாய்க்கால் மேல பாலமாக் கிடக்குற பனைமரத்தையாவது மாத்திக் கொடுங்க. உளுத்துப் போச்சு."

"அதத் தொடவே கூடாது. அத வச்சுத்தான் 'கடினம்'னு தரம் வாங்கியிருக்கு. மாத்துனா 'நடுத்தரம்' ஆயிடும்."

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருவுக்கே வண்டியில் போகிறவர்கள், எங்கள் தெருவுக்கு நடந்து வருவதற்காகக் காரில் வந்தார்கள். இரண்டு கையிலும் கம்பு, முதுகில் மூட்டை. ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் ஏறிய என்னை ஒரு பெண் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, நீங்க டெய்லி ட்ரெக் பண்ணுவீங்களா? ஸோ லக்கி."

"கடை திறந்திருந்தா பண்ணுவேம்மா" என்றேன்.

பாதையை முறைப்படி திறந்து வைக்க அமைச்சர் வருவதாக முடிவானது. அமைச்சருக்கு முழங்கால் வலி. மேடையோ எங்கள் தெருவில். அவர் நடக்க முடியாது, கார்தான் வர வேண்டும். உடனே, வழக்கில் இருக்கும் நிலத்திலும் தற்காலிகமாக ரோடு போடலாம் என்று சட்டத்தில் இடம் இருப்பது தெரியவந்தது. காத்தானின் ஆட்சேபணையை யாரும் கேட்கவில்லை. மெஷின் வந்தது. பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, வாய்க்காலில் குழாய் பதித்து, என் வீட்டு வாசல் வரைக்கும் வழுவழுவென்று தார் ரோடு வந்து நின்றது.

விழா அன்று காலையில் நான் கும்பகோணத்தில் இருந்தேன். வாசல் வரைக்கும் ரோடு வந்துவிட்டது என்றதும் தங்கம்மாளே பெண்ணின் பையை எடுத்து வைத்தார். மூஸாவின் ஆட்டோவில் செவ்வந்தியை ஏற்றிக்கொண்டு அமைச்சரின் கார்களுக்குப் பின்னாலேயே வந்தோம். போலீஸ்காரர் மறித்தார்.

"யாரு இவங்க?"

"மகளிர் குழு சார்" என்றான் மூஸா. "நிகழ்ச்சி இருக்கு."

செவ்வந்தி வாசலில் இறங்கினாள். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் வைத்தியலிங்கம் சார் ஒரு வண்டி நிறையக் கடப்பாரையோடு வந்தார்.

"ரோட்டப் பேத்துடணும்."

தெருவே திரண்டுவிட்டது. "ஏன் சார்?"

"தற்காலிகம்னு சொல்லிப் போட்டது. அப்படியே கிடந்தா நிரந்தரம் ஆயிடும், கோர்ட்டுல கேப்பாங்க. தவிர, ரோடு இருக்குற எடத்துல மலையேற்றம் எப்படிம்மா பண்றது?"

"எங்க பொணத்து மேல பேத்துக்குங்க" என்று ஐயாவு ரோட்டின் குறுக்கே உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"காப்புக்காட்டுல மெஷின் விடக்கூடாது" என்றார் வைத்தியலிங்கம் சார், யாரிடமும் சொல்லாதது போல. "ஆளு வச்சுத்தான் பேக்கணும். கூலி உண்டு. டீயும் உண்டு."

அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்த நேரம். தெருவில் ஒருத்தருக்கும் வேலை இல்லை.

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலியா சார்?" என்று ஐயாவு உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஒரே கூலிதான்."

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். நான் கூடையை எடுத்தேன்.

செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "ஏம்மா, அப்ப நான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?"

"கர்ப்பிணி வரக்கூடாதுன்னுதான் போட்டிருக்கான். போகக்கூடாதுன்னு போடல. சும்மா இரு" என்றேன். சொல்லும்போதே எனக்கு வைத்தியலிங்கம் சார் குரல் போலக் கேட்டது.

மத்தியானம் ஒரு தகராறு. கூலி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர்க்காரர்களும் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். எங்கள் தெரு கொதித்துவிட்டது. இது எங்கள் வாசலுக்கு வந்த ரோடு, இதைப் பெயர்க்கும் உரிமை எங்களுக்கே உண்டு, வெளியாள் ஒருத்தன் தொடக்கூடாது என்று அங்கேயே மனு எழுதினோம். எங்களில் கையெழுத்து நன்றாக இருப்பது செவ்வந்திக்குத்தான். கதவில் சாய்ந்து உட்கார்ந்து அவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

வைத்தியலிங்கம் சார் நின்றபடியே படித்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். எங்கள் தெரு இத்தனை வருஷமாகக் கேட்டதில், கேட்ட இடத்திலேயே கிடைத்தது அது ஒன்றுதான்.