ஒரு சொட்டுக்கூடக் கிடையாது

“செடிக்கு இனிமே ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாது. இல்லேன்னா தொட்டி எல்லாத்தையும் மாடியிலேருந்து இறக்கிடுங்க!”

மொட்டைமாடிப் படியில் நின்றுகொண்டு ஹவுஸ் ஓனர் கறாராகச் சொன்னார். தெருவே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த கோடை அது.

மாடிப் போர்ஷனில் குடியிருந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அசரவில்லை. எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைப்பவர். இதற்கெல்லாமா பயப்படுவார்?

“சார், இது காகிதப்பூ. தண்ணி ஊத்தினாத்தான் பூக்காது. காயப் போட்டா கொத்துக் கொத்தாப் பூக்கும். மாசக் கடைசியில வந்து பாருங்க. பூ இல்லேன்னா நானே இறக்கிடறேன்.”

“பேச்சு மாறக் கூடாது.”

“மாஸ்டர் பேச்சு மாறாது!”

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? நாள் பூரா ரோட்டுல தொண்டை கிழியக் கத்திட்டு வர்றீங்க. அந்தச் செடிங்க பக்கத்துல உக்காந்தாத்தான் உங்களுக்கு உயிரே வருது. அதையும் பந்தயம் கட்டிட்டு வந்து நிக்கிறீங்களே!”

“எல்லாம் என் கன்ட்ரோல்ல இருக்கு. நீ பாத்துக்கிட்டே இரு.”

பார்த்தாள். செடி வாடவேயில்லை. இலை இலையாகத் தள்ளியது. பூவை மட்டும் காணோம்.

வெயில் போதவில்லை என்று தொட்டிகளை இடுப்பொடிய நடுமாடிக்கு இழுத்தார். கொழுந்து இரண்டு மடங்கானது. சத்து போதவில்லை என்று எருவைப் போட்டார். அது நாலு மடங்கானது. கவாத்துப் பண்ணினால் வழிக்கு வரும் என்று கத்தரியை எடுத்தார். தப்பித் தவறி வந்திருந்த மொட்டு நாலும் அதோடு போயின.

“பேசாம பறிச்சுக் கீரை மாதிரி கடைஞ்சிடலாமா?” என்றாள் மனைவி.

மாஸ்டர் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். “ஈரமா இருக்கே! நீ ஊத்தினியா?”

“நல்லாருக்கே கதை! குடிக்கவே அளந்து வச்சிருக்கேன். நான் போய் ஊத்துவேனா?”

“அப்போ பனியா இருக்கும்.”

“இந்த வெயில்லயா?”

“விடியக்காலைப் பனி. உனக்குத் தெரியாது.”

மாசக் கடைசியும் வந்தது. ஹவுஸ் ஓனர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார். தொட்டி தொட்டியாகக் குனிந்து பூவைத் தேடினார்.

மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். “தோத்துட்டேன் சார். ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலை, சத்தியம். ஏன் பூக்கலைன்னுதான் புரியலை.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் தொட்டியைத் தூக்கினார்.

“ஐயையோ, வேணாம் சார்! வைங்க கீழே!” ஹவுஸ் ஓனர் பதறி ஓடிவந்து தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். “பூக்கலைன்னா போகுது. பச்சைப் பசேல்னு நல்லாத்தானே இருக்கு!”

“நீங்கதானே சார் இறக்கச் சொன்னீங்க?”

ஹவுஸ் ஓனர் திருதிருவென்று விழித்தார்.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “இன்னும் என்ன முழிக்கிறீங்க? பாவம், மாஸ்டர் தோத்துடக் கூடாதுன்னு, எனக்குக் குளிக்க வச்சிருந்த தண்ணியைத் தினமும் விடியக்காலைல திருட்டுத்தனமாத் தூக்கிட்டு வந்து இதுங்களுக்கு ஊத்தினது நீங்கதானே!”