ஏழு நாற்பத்திரண்டுக்கு முரண்டு பிடிக்கும் சிக்னல்

போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் கண்கண்ட காவலராகிய சித்தப்பா அவர்களுக்கு, வீட்டில் 'வாலு' என்று அழைக்கப்படும் அண்ணன் மகன் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எங்கள் தெருமுனை சிக்னல் மட்டும் நலமில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. கடந்த இருபத்திரண்டு நாட்களாக நான் பள்ளிப் பேருந்தை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. கல்வெட்டு வைக்க இடம் பார்க்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மடிக்கணினியோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து புலம்பியதை நினைத்தால் இன்னும் பாவமாக இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்தாமல், மேம்பாலம் கட்டாமல், இருக்கிற ஐந்து சிக்னலையும் ஒன்றுக்கொன்று பேசவைத்து, வண்டிகள் நிற்காமல் போகும்படி பச்சை அலை விட்டவர் நீங்கள். "நாலு சிக்னல் சொன்ன பேச்சு கேக்குது அண்ணி, இது மட்டும் தினமும் ஏழு நாற்பத்திரண்டுக்கு முரண்டு பிடிக்குது. ரோட்டைக் கடக்கிறதுக்கு யாரோ பொத்தான அழுத்தினதா பதிவாகுது, கேமராவுல பாத்தா கடக்கிற ஆளே இல்ல!" என்றீர்கள். அப்பா சும்மா இருப்பாரா? "உன் பச்சை அலை எங்க தெருவுக்கு வந்ததும் நுரை தள்ளிடுச்சுடா" என்றார். அம்மாவோ, "இந்த வாலே திருந்திட்டான், ஒரு விளக்கு திருந்தாதா?" என்று என் தலையைத் தடவினார். நீங்கள் சிரிக்கவே இல்லை. "ரோட்டுக்கு அடியில போற கம்பியிலதான் கோளாறு. வெள்ளிக்கிழமை மேலதிகாரிகிட்ட அறிக்கை குடுக்கணும். ரோட்டைத் தோண்டச் சொல்லி எழுதப்போறேன். தோண்டவே வேணாம்னு மூணு வருஷமா கத்தின வாயாலயே!" என்று மடிக்கணினியை மூடினீர்கள். நான் ஆறுதலாக, நேரந்தவறாமையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். நீங்களும், "இவனைப் பார்த்தாவது அந்த சிக்னல் கத்துக்கட்டும்" என்றீர்கள்.

சித்திக்கு என் வணக்கம். தங்கச்சிப் பாப்பாவுக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு. வலிக்காமல்.

இப்படிக்கு,
நேரந்தவறாத
வாலு

பி.கு.: சித்தப்பா, ரோட்டைத் தோண்ட வேண்டாம். கம்பி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. நான் இன்னும் ஏழரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். அரைகுறையாய்ச் சீவிய தலையோடு ஓடிவந்து பொத்தானைத் தட்டினால், சிவப்பு விழுந்து பேருந்து சிக்னலிலேயே நிற்கும். அதற்குள் நான் ரோட்டைக் கடக்காமல் இந்தப் பக்கமாகவே, சிக்னலைத் தாண்டி இருக்கும் நிறுத்தத்துக்கு நடந்துவிடுவேன். பொத்தான் இருக்கும் கம்பத்தை உங்கள் கேமராவுக்கு மரம் மறைக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்கவேண்டுமே என்று கடிதத்தை அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன், நன்றாக ஒட்டி. மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் கம்பிக் கோளாறு என்றே இருக்கட்டும்.