கியர்பெட்டிக்குப் பொருத்தம் பார்த்தவர்

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க மலாக்காவில் ஆளுக்கா பஞ்சம்? செலண்டாரில் ஒரு ஜோசியர், கிளேபாங்கில் இரண்டு ஜோசியர். ஆனால் கியர்பெட்டிக்கும் எண்ணெய்க்கும் பத்துப் பொருத்தம் பார்த்தவர் மலாயா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் சிம்பாங் அம்பாட் நாற்சந்தியில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. 'பொருத்தம்' என்று கேட்டால் சீனக் கடை முதலாளியான தவ்கேகூட அவர் பட்டறையைக் கைகாட்டுவார்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் உடனே எண்ணெய் ஊற்றிவிட மாட்டார். முதலில் விசாரணை நடக்கும். வண்டி எந்த வருஷம் பிறந்தது, இதற்கு முன் யார் கையில் வாழ்ந்தது, ஓட்டுகிறவன் கோபக்காரனா, கிளட்சை முழுசாக மிதிப்பானா அல்லது சும்மா தொட்டுவிட்டு விடுவானா. ஒரு கான்ட்ராக்டரிடம், "வீட்ல சம்சாரத்தோட சண்டையா?" என்று கேட்கப்போய், அந்த மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். பொருத்தம் கவலைப்படவில்லை. "சண்ட போட்டுட்டு வர்றவன் கியர ஒடிப்பான். அவனுக்கு எந்த எண்ணெயும் தாங்காது" என்றார்.

விசாரணை முடிந்தால் பரிசோதனை. பழைய எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், கடைசியில் நாக்கில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அவர் நாக்கு எப்போதும் லேசாகக் கறுத்தே இருக்கும். ஒருமுறை எங்கள் தோட்டத்துத் துரை தன் டிரைவரிடம் ஒரு டின் எண்ணெயைக் கொடுத்து, இதைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மோந்து பார்த்துவிட்டு டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பொருத்தம்.

"துரையே சொல்லிட்டாருண்ணே" என்றான் டிரைவர்.

"தொர வண்டிக்குள்ள உக்காந்திருக்காரு, சரி. கியர்பெட்டிக்குள்ள உக்காந்திருக்காரா?"

டிரைவர் இந்தப் பதிலைத் துரையிடம் எப்படி மொழிபெயர்த்தான் என்பது தெரியவில்லை. துரை அடுத்த வாரம் வேறு டின் அனுப்பினார்.

அது அவசரகாலம். சாயங்காலம் ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை ஊரடங்கு. காட்டில் ஒளிந்திருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் போய்விடக் கூடாது என்று சாலைக்குச் சாலை சோதனைச் சாவடி போட்டுச் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். நான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. கிளேபாங்கில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த சரோஜாவைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து செக்ரோல் என்கிற கூலிக் கணக்கில் ஆட்களின் பெயருக்குப் பதில் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஜாதகம் இடித்தது. பத்தில் ஒன்பது பொருந்தியது. பொருந்தாத அந்த ஒன்று ரஜ்ஜு, தாலிக்கயிற்றைக் காப்பதாகச் சொல்லப்படுகிற பொருத்தம். ஜோசியர் ஒரு பரிகாரம் சொன்னார். குறித்த ஒரே ஒரு முகூர்த்தத்தில், காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் கட்டினால் தோஷமில்லை. பெண்ணின் அப்பா என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "எட்டரை தாண்டிருச்சுன்னா, வந்தவங்க சாப்டுட்டுப் போவட்டும் தம்பி. கல்யாணம் கெடையாது."

ஆறு மணிக்கு ஊரடங்கு நீங்கி, சாவடிகளைத் தாண்டி எட்டரைக்குள் கிளேபாங் போக வேண்டும். என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அது இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது அறுபடும் ஆட்டைப் போலக் கத்த ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் பொருத்தத்திடம் போனேன். அவர் அடிநட்டைத் திருகி, வடிந்ததை மோந்து முகத்தைச் சுளித்தார்.

"யாரு ஊத்துனா இத?"

"நான்தாண்ணே. தோட்டத்து ஸ்டோர்ல இருந்துச்சு. டின்னுல கியர் எண்ணெய்னு போட்டிருந்துச்சே."

"பேரப் பாத்தா பொண்ணு குடுக்குறாங்க? இது லோரியோட பின் அச்சுக்கு உள்ளது. கந்தகம் போட்டிருக்கான். ஒன் பெட்டிக்குள்ள பித்தள வளையம் இருக்கு. ரெண்டு கியரயும் சண்டையில்லாம சேத்து வைக்கிறதே அதான். அது தாலி லா. தாலிய அரிக்கிற எண்ணெய ஊத்திட்டு வந்து நிக்கிறே."

நான் நம்பாமல் பார்த்தேன். உடனே பால் டின்னில் அந்த எண்ணெயை ஊற்றி, ஒரு சதுரச் செம்புக் காசைப் போட்டு அடுப்பில் ஏற்றினார். காசு வெந்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே எடுத்தபோது காசில் இருந்த ராஜா தலை கரிக்கட்டையாகியிருந்தது.

"இந்தப் பெட்டிக்கு வேண்டியது முப்பதாம் நம்பர் எஞ்சின் எண்ணெய்" என்றார்.

"எஞ்சின் எண்ணெயக் கியர்பெட்டியிலயா?"

"கெட்டியா இருந்தா வளையம் வழுக்கும், கியர் ஏறாது. மெல்லிசா இருக்கணும். கந்தகம் இருக்கக் கூடாது. வண்டி செஞ்சவனே அப்படித்தான் சொல்லியிருக்கான். நீதான் இங்கிலீஷ் படிச்சவனாச்சே, புஸ்தகத்தப் பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. புத்தகம் காரிலேயே, என் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது.

சிம்பாங் அம்பாட்டில் அந்த எண்ணெய் அப்போது கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவரே பஸ் ஏறி மலாக்காவுக்குப் போனார். மத்தியானம் வருகிறேன் என்றவர் ஐந்து மணிக்குத்தான் ஒரு பிஸ்கட் டின்னை அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பட்டறை வாசலில் நான் அதற்குள் பாதி உயிராகியிருந்தேன்.

"மாத்தா புடிச்சு உக்கார வச்சிட்டான்" என்றார். போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம்.

நடந்தது இதுதான். கடைப் பீப்பாயின் அடியில் மிச்சமிருந்ததைப் பிஸ்கட் டின்னில் பிடித்து வந்திருக்கிறார். சாவடியில் மாத்தா, "மிஞ்ஞாக் அப்பா?", அதாவது என்ன எண்ணெய் என்று கேட்டிருக்கிறார். மலாயில் சமையல் எண்ணெயும் மிஞ்ஞாக், மண்ணெண்ணெயும் மிஞ்ஞாக். இவர் கௌரவமாக, "மிஞ்ஞாக் கியர்" என்றிருக்கிறார். அந்த மாத்தாவோ முன்னாள் லோரி கிளீனர். கியர் எண்ணெய் என்றால் கறுப்பாக, கெட்டியாக, நாறும் என்பது அவருக்குத் தெரியும். டின்னில் இருந்ததோ பொன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. காட்டுக்குச் சமையல் எண்ணெய் போகிறது என்று முடிவுகட்டிவிட்டார். பெயரைப் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர் ஒரு பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"பித்தள வளையத்தப் பத்தி எடுத்துச் சொன்னேன். எனக்கு மலாய் நாப்பது வார்த்ததான் தெரியும், அதுல வளையம் இல்ல. கடைசில ஒரு கோப்ப எண்ணெய எடுத்துச் சட்டியில ஊத்தி நெத்திலி பொரிச்சுட்டான்."

"பொரிஞ்சுச்சா?"

"நல்லாப் பொரிஞ்சுச்சு. அதான் வம்பாப் போச்சு. அப்புறம் அங்க இருந்த பூனைக்குப் போட்டான். பூன மோந்து பாத்துட்டு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் விட்டான். தொழில் தெரிஞ்ச பூன."

ஒரு கோப்பை குறைந்துவிட்டது. குறைவாக ஊற்றினால் ஓடாதா என்று கேட்டேன். "அரைத் தாலி கட்டுவியா கிராணி? நான் பாத்துக்கறேன். நீ போய் மாப்பிள்ளையா இரு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்குக் காரைத் தோட்டத்துக்கே ஓட்டி வந்து கொடுத்தார். ஊருக்குத் திரும்பிய தோட்டத்து லோரியில் ஏறிக்கொண்டே, "நாளைக்குக் காலைல பைக்க எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்துருவேன். எனக்கு ஒரு எல போட்டு வை" என்றார்.

விடிந்து ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட் திறந்தது. மூன்று சாவடி, மூன்றிலும் லோரி வரிசை. நின்று, நகர்ந்து, நின்று, கியரை நூறு தடவையாவது மாற்றியிருப்பேன். ஒரு தடவைகூடச் சத்தமில்லை. பக்கத்தில் இருந்த சித்தப்பா, "வண்டி ஓடுதா, நிக்கிதாடா?" என்று இரண்டு முறை கேட்டார். கிளேபாங்கில் இறங்கியபோது எட்டு பத்து. மாமனார் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். எட்டு இருபத்திரண்டுக்குத் தாலி கட்டினேன்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு இலை கடைசிவரை காலியாகவே இருந்தது. எனக்குக் கோபம்தான். "வாய்தான் பெருசு, வரேன்னுட்டு வரல பாரு" என்று சரோஜாவிடம் சொன்னேன். புது மனைவியிடம் நான் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான்.

நாலாம் நாள் பழம் வெற்றிலையோடு இருவரும் பட்டறைக்குப் போனோம். ஓரத்தில் அவருடைய பைக் ஸ்டாண்டு போட்டு நின்றது. அதன் கியர்பெட்டியின் அடிநட்டு கழன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு காலிக் கோப்பை, எண்ணெய் வடிகட்டிய ஒரு வேட்டித் துணி.

"கல்யாணத்துக்கு ஏண்ணே வரல?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"வண்டில எண்ணெய் இல்ல லா" என்றார், ஏதோ மழை பெய்தது என்கிற மாதிரி. "அதே முப்பதாம் நம்பர்தான். போன வாரம்தான் ஊத்துனேன். நல்லா வடிகட்டித்தான் ஒனக்குக் குடுத்தேன், பயப்படாதே."

சரோஜா சட்டென்று அவர் காலில் விழுந்தாள். மனிதர் பதறிப்போய், "கையெல்லாம் எண்ணெய்மா" என்று பின்னால் நகர்ந்தார். அப்புறம் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டு, என் காதில் விழும்படியே கேட்டார்: "கிராணி கிளச்ச முழுசா மிதிக்கிறானா?"

அடுத்த வாரமே மலாக்காவிலிருந்து முப்பதாம் நம்பர் எண்ணெய் ஒரு டின், சீல் உடைக்காமல், ரசீதோடு வாங்கிவந்து கொடுத்தேன். வாங்கியவுடன் மோந்துதான் பார்த்தார்.

எங்களுக்கு இல்லாமல் போன பத்தாவது பொருத்தத்தை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தவர் அவர். இன்றும் எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் வந்தால் சரோஜா அவருக்கென்று ஒரு இலை கூடுதலாகப் போடுகிறாள். எல்லாம் வைப்பாள், பொரித்த நெத்திலியைத் தவிர.