தளும்பிப் போன தீர்ப்பு

ஜட்ஜுகளுக்குப் போதைப் பழக்கத்தைப் பற்றிக் கட்டாயம் பாடம் நடத்த வேண்டும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். தாராளமாக நடத்தட்டும். ஐம்பதுகளின் கடைசியிலேயே அந்தப் பாடத்தை, ஊரார் முன்னிலையில், வேட்டி நனைய நனையப் படித்து முடித்தவன் நான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. உத்திரமேரூரில் ஒரு மண்டியில் கடலை மூட்டை சுமந்தேன். பிறகு அந்த மண்டிக்கே முதலாளியானேன். மூட்டைக்குள் கையை விட்டால் போதும், ஈரம் எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். இதைப் பார்த்து அசந்துபோய்த்தான் என்னைப் பஞ்சாயத்து கோர்ட்டுக்குத் தலைவராக்கினார்கள். (எங்கள் ஊர்ச் சோழர் காலக் கல்வெட்டில் யாரெல்லாம் சபையில் உட்காரக் கூடாது என்று வெட்டியே வைத்திருக்கிறார்கள். மூக்குப்பொடி போடுகிறவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிழைத்தேன்.)

அது மதுவிலக்குக் காலம். இருந்தாலும் கிணறு வெட்டும் கன்னியப்பனுக்கு எப்படியோ தினமும் சாராயம் கிடைத்துவிடும். ஒருநாள் போதையில் விளக்கைத் தட்டிவிட்டான். கூரை பற்றிக்கொண்டது. உள்ளே தூங்கிய இரண்டு பிள்ளைகளையும் அவன் பெண்சாதி அஞ்சலைதான் இழுத்து வெளியே போட்டாள். தீயை அணைத்த கையோடு அவனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். குடியை விட்டால்தான் வீடு என்றாள். விட்டுவிட்டேன், கதவைத் திறக்கச் சொல்லுங்கள் என்று அவன் என் கோர்ட்டுக்கு வந்தான்.

விட்டானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனிதனும் மூட்டை மாதிரிதானே என்று நானே ஒரு சோதனை கண்டுபிடித்தேன். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய சொம்பை ஏந்திக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் கோர்ட் நடக்கும் மண்டபத்தை ஒரு சுற்று வர வேண்டும். சிந்தினால் குடிகாரன், சிந்தாவிட்டால் யோக்கியன்.

முதல் வெள்ளிக்கிழமை கன்னியப்பன் சொம்பைத் தொட்டதுமே பாதித் தண்ணீர் போய்விட்டது. குடித்திருக்கிறான், கதவு திறக்காது என்று தீர்ப்புச் சொன்னேன்.

வழக்கில் ஜெயித்த அஞ்சலையே எழுந்தாள். "இன்னிக்கு ஒரு நாள்தான் மொதலாளி அது குடிக்காம வந்துகீது. அதான் கையி ஆடுது."

சட்டம் தெரியாத பெண் என்று சிரித்தேன்.

அடுத்த வெள்ளி வந்தான் பாருங்கள், கோயில் தேர் மாதிரி. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரே தீர்ப்பில் ஒரு மனிதனைத் திருத்திய நீதிபதி சென்னையில்கூட உண்டா? என் செலவில் மாலை வாங்கிப் போட்டேன். பெண்சாதி உடனே கதவைத் திறக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டேன்.

"வாய ஊதச் சொல்லுங்க மொதலாளி" என்றாள் அஞ்சலை.

ஊதினான். முன்வரிசையில் இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மல்லிகை வாசனை வந்ததாக அறிவித்தேன். (பொய். பொடி போட்டுப் போட்டு என் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது.)

அஞ்சலை நேரே வந்து, என் மடியிலிருந்த பொடி டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இத்தப் போடாம அடுத்த கேஸ முடிங்க. அப்பால அந்தச் சொம்ப நீங்க தூக்கிக்கினு ஒரு சுத்து வாங்க. சிந்தலன்னா நான் கதவத் தொறக்கறேன்."

நானா பின்வாங்குவேன்? சரி என்றேன்.

அடுத்தது ஆடு மேய்ந்த வழக்கு. ஆடு யாருடையது, பயிர் யாருடையது என்பதே மறந்துபோனது. ஆட்டுக்காரனைத் திட்டினேன், சாட்சியைத் திட்டினேன், வாயில்லாத ஆட்டையும் திட்டினேன். உள்ளங்கை வேர்த்தது. கண்கள் அந்த முந்தானை முடிச்சை விட்டு நகரவில்லை. கடைசியில் சொம்பைத் தூக்கினேன். நாலு எட்டுகூட இல்லை. கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளையின் தலை, என் வேட்டி எல்லாம் நனைந்தது.

மண்டபமே சிரித்தது. சிரிக்காதவன் கன்னியப்பன் ஒருவன்தான். பக்கத்தில் வந்து பரிவோடு சொன்னான்: "ஒரு சிட்டிக போட்டுக்கோங்க மொதலாளி, கையி நின்னுடும். காத்தால எனக்கும் இப்பிடித்தான் ஆடுது. ஊத்திக்கினுதான் வந்தேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தீர்ப்பை மாற்றினேன். கதவு அஞ்சலையுடையது, திறப்பதும் சாத்துவதும் அவள் இஷ்டம். அவனை நானே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அவனைப் படுக்கையில் சேர்த்துக்கொண்ட டாக்டர், என் மூக்கையும் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். கன்னியப்பன் தேறினான், கதவு திறந்தது, ஒரு தீபாவளிக்கு வழுக்கினான், கதவு மூடிக்கொண்டது, மறுபடி தேறினான். நான்? (அதைக் கேட்காதீர்கள்.)

டப்பா மட்டும் திரும்பி வந்தது. மானம் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எனக்கு முழு டம்ளர் காபி கிடையாது. மருமகள் முக்கால் டம்ளரோடு வந்து நிற்பாள்.

"இன்னாம்மா, கொறையுது?" என்று கேட்டால், "போதும் மாமா, தீர்ப்பு சிந்திடப் போவுது" என்பாள்.